நாலாம் பெட்டுக்கு ஒரு டேங்க் சலைன்

சென்ற வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, விழுப்புரத்தில், பட்டப்பகலில், ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆளைக் கொன்றுவிட்டேன்.

பதறாதீர்கள்... ஆள் பேப்பரில்தான் இருந்தார். நாலாம் பெட் நோயாளி. பெயர்கூடக் கிடையாது. வாந்தி, பேதி, நாக்கு வறண்டு சுருண்டு படுத்திருக்கிறார் என்று ஸ்டெல்லா மிஸ் சொன்னார். அவருக்கு ஏற்றுவதற்கு அரை லிட்டர் சலைன் தயார் பண்ணச் சொன்னார். பண்ணினேன். ஆள் காலி.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறவள். மாமியாரோடு டி.வி. ரிமோட்டுக்குப் போட்ட சண்டை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடத்திய போர் — எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பல மாதங்களாக மறைத்து வைத்திருந்தேன். இன்றைக்கு உடைத்துவிடுகிறேன்.

நான் மறுபடியும் பிளஸ் டூ படிக்கிறேன்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி, மேலே போவோம்.

வயது முப்பத்திரண்டு. பி.காம். படித்தவள். ஆறாவது படிக்கிற மகள் இருக்கிறாள். "அம்மா, இப்ப நீ என்னவிட பெரிய கிளாஸா, சின்ன கிளாஸா?" என்று அவள் கேட்டபோது எனக்கே கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

எதற்கு இந்த வேலை? நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் படித்ததோ காமர்ஸ். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த ஹெட்மாஸ்டர், "உனக்கு சயின்ஸ் வராதும்மா" என்று காமர்ஸ் வகுப்பைக் கை காட்டினார். அவர் காட்டிய பக்கம் போனவள்தான். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்தப் பாடங்களை இப்போதும் எழுதலாம், தேறினால் நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிய வந்தது போன வருடம்தான். வயது வரம்பு கதவைச் சாத்துவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நுழைந்துவிட்டேன்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் சீட்டிலிருந்துதான் வந்தது... அதாவது, சீட்டை விட்டு எழுந்துபோய்க்கொண்டே இருந்ததிலிருந்து. ஸ்கேனுக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை, பயத்தோடு வருகிறார்கள். யாராவது முகம் வெளிறி உட்கார்ந்திருந்தால் என்னால் டோக்கனைக் கிழித்துக்கொண்டு இருக்க முடியாது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். "மேடம், சீட்டுல ஆளையே காணோம்" என்று மேனேஜர் சார் தினமும் ஒரு முறையாவது எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஸ்கேனுக்கு முன்னால் மருந்து ஏற்றுவதற்காகப் புறங்கையில் ஊசி போட்டு, சின்ன டியூப் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். திடீரென்று அந்த டியூபில் ரத்தம் ஏறி வந்துவிட்டது.

"யக்கா, ரத்தம் வருதுக்கா... இன்னா ஆவுது எனக்கு!" என்று என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். ஒன்றும் இல்லையா, ஏதாவது இருக்கிறதா என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தார். கையைப் பார்த்தார். சிரிஞ்சால் எதையோ கொஞ்சம் செலுத்தினார். டியூப் பளிச்சென்று தெளிந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல, கைய மடக்காம வச்சிக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

நான் சொன்னதும் 'ஒண்ணும் இல்ல'. அவர் சொன்னதும் 'ஒண்ணும் இல்ல'. அவர் தெரிந்து சொன்னார், நான் தெரியாமல் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை. அப்பட்டமான பொறாமை! அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்து, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஆகவே சனிக்கிழமைதோறும் விழுப்புரம் போகிறேன். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் பயிற்சி வகுப்பு. உயிரியல் எனக்கு உயிர். இதயத்துக்கு நான்கு அறை என்று படித்த அன்று, சாம்பார் கொதிக்கும்போதுகூட நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்பியலோடு ஒரு சமாதான உடன்படிக்கை — நான் அதைத் தொந்தரவு செய்வதில்லை, அது என்னைப் பாஸ் மார்க்கில் விட்டுவிடுகிறது. ஆனால் இந்த வேதியியல் இருக்கிறதே... மோல் என்கிறார்கள், செறிவு என்கிறார்கள், சமன்பாட்டைச் சமன் செய் என்கிறார்கள். இந்தப் பக்கம் சமன் செய்தால் அந்தப் பக்கம் சாய்கிறது!

பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் பக்கத்து சீட் கட்டாயம் கேட்கும்: "பொண்ணு படிக்கிதாம்மா?"

"இல்லீங்க, நான்தான்."

அதன் பிறகு அவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேனேஜர் சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நல்ல குண்டுதான். விழுப்புரத்தில் புதுக் கிளை திறக்கிறார்களாம். அங்கே ரிசப்ஷன் முழுவதுக்கும் நான் இன்சார்ஜ். தனி மேஜை, சுழல் நாற்காலி. "சனிக்கிழமைதான் மேடம் கூட்டம் ஜாஸ்தி இருக்கும். லீவு கேக்கக் கூடாது. அடுத்த புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் வேதியியல் இல்லை. வேதியியல் இல்லையென்றால் நர்சிங் இல்லை. சுழல் நாற்காலியா, அந்த இரண்டு வார்த்தையா? இதைத் தலைக்குள் உருட்டிக்கொண்டேதான் அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன்.

ஸ்டெல்லா மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வந்திருக்கும் சின்னப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஒரு பாடம் இரண்டு பாடம் கோட்டைவிட்ட பிள்ளைகள். அவர்களுக்கு நான் 'ஆன்ட்டி'.

"அக்கா நர்சிங் போவணும்னு இருக்காங்க. அதனால இன்னிக்கி அவங்களுக்காக ஒரு கணக்கு" என்று ஆரம்பித்தார் மிஸ். "நாலாம் பெட் பேஷண்ட்டு. அரை லிட்டர் நார்மல் சலைன். புள்ளி ஒம்பது பர்சென்ட். உப்ப நிறுத்து, தண்ணில கரைச்சிக் காட்டுங்க பாக்கலாம்."

எனக்கு ஒரே குஷி. சதவீதமா? பி.காம்.காரியிடம் சதவீதமா! நூற்றுக்குப் புள்ளி ஒன்பது. ஆயிரத்துக்கு ஒன்பது. என் கை தானாகவே உப்பு ஜாடிக்குப் போனது. தராசில் கொட்டினேன், கொட்டினேன், கொட்டிக்கொண்டே இருந்தேன்.

"மிஸ், ஜாடியே காலியாயிடுச்சி. மத்தவங்களுக்கு உப்பு பத்தாது. இன்னொரு ஜாடி இருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். மிஸ் என் தராசைப் பார்த்தார். தொண்ணூறு கிராம்.

"அக்கா, இன்னா இது?"

"தொண்ணூறு கிராம் மிஸ்."

"எதுக்குக்கா தொண்ணூறு?"

"புள்ளி ஒம்பது பர்சென்ட்டுன்னா தொண்ணூறுதான மிஸ்? டேங்குக்கு!"

"எந்த டேங்குக்கு?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. எங்களுக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை போடுகிறோம் — உங்கள் ஊரில் நிலக்கடலை என்பீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், பூச்சிமருந்து கலப்பது நான், முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பது வீட்டுக்காரர். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே பழக்கம். முதுகில் மாட்டும் அந்த டேங்க் பத்து லிட்டர் பிடிக்கும். எதைக் கலப்பதானாலும் டேங்குக்கு இவ்வளவு என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சே! மிஸ் அரை லிட்டர் என்று சொன்னது என் காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. பத்து லிட்டருக்கான உப்பை அரை லிட்டருக்குக் கொட்டியிருக்கிறேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஆன்ட்டி, ஊருக்கே ட்ரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்றான். வகுப்பு வெடித்தது. நானும்தான் சிரித்தேன்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க கணக்கு தப்பில்ல. தண்ணிதான் தப்பு. நாலரை கிராம் போட வேண்டிய எடத்துல தொண்ணூறு போட்டிருக்கீங்க. மாங்காய நறுக்கி உப்புல போட்டா இன்னா ஆவும்?"

"தண்ணி வுட்டுக்கினு சுருங்கிடும் மிஸ்."

"ரத்தத்துல இருக்கிற செல்லும் அதேதான்க்கா."

அவ்வளவுதான் சொன்னார். சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சலைன் தயாராகப் பாட்டிலில்தான் வரும், யாரும் உட்கார்ந்து உப்பு நிறுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் மருந்து கலக்கிற கை நர்ஸுடைய கைதானே? கை இப்படித் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்தால்?

திரும்பி வரும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடினால் மாங்காய்த் துண்டுகள் சுருங்கின. பயிர் என்றால் ஒரு போகம் போகும், அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஏது அடுத்த போகம்? ஹெட்மாஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், எனக்கு சயின்ஸ் வராது. பஸ் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை மேனேஜர் சாரிடம் 'சரி சார்' என்று சொல்லிவிட வேண்டியது. சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டு யாரையும் கொல்ல முடியாதல்லவா? முடிவெடுத்ததும் அழுகை வந்தது. நல்லவேளை, ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. அழுவதற்கு வசதியாக இருந்தது.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். மறுபடியும் அதே வார்த்தை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அவர் என்னைவிட மோசமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மருந்துக் கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான் கோமதி. டூப்ளிகேட் மருந்து. மூணு தபா அடிச்சாச்சி. சுருள் பூச்சி ஜாலியா குடும்பம் நடத்திக்கினு இருக்குது. இன்னிக்கி போயி சட்டையப் புடிச்சிக் கேக்கப் போறேன்."

மல்லாட்டை இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும் பூச்சி அது. விட்டால் வயலே கருகினாற்போல ஆகிவிடும். வழக்கமாக மருந்து கலப்பவள் நான்தானே? சனிக்கிழமை வகுப்பு, மற்ற நாட்களில் படிப்பு என்று நான் போய்விட்டதால் இந்த முறை அவரே கலந்திருக்கிறார்.

"எவ்ளோ ஊத்துனீங்க?"

"எப்பவும் ஊத்துறதுதான். டேங்குக்கு ரெண்டு மூடி. நீதான சொல்லிக்குடுத்த?"

மருந்து பாட்டில் மூடியால் இரண்டு. பத்து லிட்டருக்கு அது சரியான அளவு. பாட்டில் மேல் போட்டிருக்கும் அளவும் அதேதான். பிறகு ஏன் பூச்சி சாகவில்லை? நான் சும்மா சுவரோரம் பார்த்தேன். அங்கே போன மாதம் வாங்கிய புது பேட்டரி மிஷின் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. கையால் அடித்து அடித்துத் தோள்பட்டை போய்விட்டது என்று சொல்லி, ஆசை ஆசையாக வாங்கியது. பழைய டேங்க் அதற்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எந்த டேங்குக்கு?" என்றேன்.

ஸ்டெல்லா மிஸ் கேட்ட அதே கேள்வி. அதே இழுப்புடன்!

"இதுக்குத்தான். வேற எதுக்கு?"

ஓடிப்போய்ப் புது மிஷினைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருந்தது. பதினாறு லிட்டர்.

"ஏங்க! இது பதினாறு லிட்டர்ங்க!"

"அதனால இன்னா? டேங்கு டேங்குதான?"

"வீட்டுக்குத் திடீர்னு நாலு பேரு வந்துட்டாங்கன்னு வைங்க. காப்பித்தூள் அதே அளவு, தண்ணிய மட்டும் ஊத்திக் காப்பி போட்டா எப்பிடி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "உங்கம்மா போடுற காப்பி மாதிரி இருக்கும்."

"அந்தக் காப்பியத்தான் நீங்க மூணு தபா பூச்சிக்குக் குடுத்திருக்கீங்க!"

எங்கம்மா காப்பிக்கு வக்காலத்து வாங்க அப்போது எனக்கு நேரமில்லை. ஒரு செங்கல் துண்டை எடுத்துச் சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடிக்குப் பத்து மில்லி. பத்து லிட்டருக்கு இரண்டு மூடி, இருபது மில்லி. அப்படியென்றால் லிட்டருக்கு இரண்டு. பதினாறு லிட்டருக்கு முப்பத்திரண்டு. மூன்று மூடி, அதற்கு மேல் இரண்டு மில்லி. எவ்வளவு மருந்து என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்க வேண்டும். இதைத்தானே புத்தகம் செறிவு, செறிவு என்று இத்தனை மாதமாகத் தலையில் குட்டிக்கொண்டிருந்தது? இவ்வளவுதானா நீ!

சொன்னால் நம்ப மாட்டீர்கள், தரையில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம்தான் சனிக்கிழமைக் கதையை — நாலாம் பெட், உப்பு ஜாடி, தொண்ணூறு கிராம், மாங்காய் — எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நான் பூச்சியப் பொழைக்க வச்சேன். நீ ஆள சாவடிச்ச. நல்ல ஜோடிதான் போ!"

"சிரிக்காதீங்க. எனக்கு பயமா இருக்குது. நெஜ ஆளா இருந்தா?"

"இப்ப என்னைக் கேட்டியே, எந்த டேங்குக்குன்னு. அதே மாதிரி அங்கயும் கேட்டுக்கினு கலக்கு. சரி சரி, ஜல்தியா கலந்து குடு. வெயிலு ஏறிடும்."

அவர் இதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. காலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். ஆனால் எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. பயம் போய்விட்டதா? போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் கை ஜாடிக்குப் போகுமுன் அந்தப் பயம் குறுக்கே நின்று 'எவ்வளவு தண்ணிக்கு?' என்று கேட்கட்டும்.

யோசித்துப் பார்த்தால், நம் எல்லோர் தலைக்குள்ளும் இப்படி ஒரு பழைய டேங்க் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு, கல்யாணத்துக்கு என்று போய் அம்மாவும் அப்பாவும் மட்டும் மிஞ்சிய வீட்டில், எங்கம்மா இன்னமும் ஆறு பேருக்கு அரிசி போடுகிறார். மிச்சத்தை மறுநாள் இருவரும் முறைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஆள் மாறிவிட்டது, அளவு மாறவில்லை. நான் மட்டும் என்ன? பதினைந்து வயதுப் பெண்ணை அளந்து 'சயின்ஸ் வராது' என்று ஒருவர் சொன்னதை, முப்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படியே ஊற்றிக்கொண்டிருக்கிறேன்... இப்போது இருக்கிற கோமதி எத்தனை லிட்டர் என்று யாராவது பார்த்தார்களா? நானே பார்க்கவில்லையே!

புதன்கிழமை வந்தது. மேனேஜர் சார் அறைக்குப் போக எழுந்தபோது என் போன் அடித்தது. வீட்டுக்காரர். அவசரத்தில் எதை அமுக்கினேனோ, ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

"செத்துடுச்சி கோமதி! எல்லாம் செத்துடுச்சி! ஒண்ணு கூட மிச்சம் இல்ல!"

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பூச்சிங்க! மல்லாட்டைல பூச்சி!" என்று நான் ஹாலுக்கே கத்திச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. எழுந்து நின்றவர் உட்கார்ந்து, "இன்னா மருந்தும்மா?" என்று கேட்டார். விவசாயி போலிருக்கிறது. "மருந்து எதுன்றது அப்புறம்ங்க, உங்க டேங்கு எத்தன லிட்டர்?" என்றேன். அந்தச் சத்தத்தில் மேனேஜர் சாரே வெளியே வந்துவிட்டார்.

"மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார். எனக்கு சனிக்கிழமை வேணும் சார். நான் நர்சிங் படிக்கப் போறேன்."

சொல்லிவிட்டேன். ஹாலில் அத்தனை பேருக்கு முன்னால், வாய்விட்டு, முதல் முறையாக! அதுவரை 'படிக்கலாமா', 'பாக்கலாம்', 'கெடைச்சா' என்றுதான் எனக்குள்ளேயும் மிஸ்ஸிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது.

சார் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "அதுக்கு கெமிஸ்ட்ரி எல்லாம் படிக்கணுமே?"

"அதுதான் சார் தகராறு."

"எனக்கும் அதே தகராறுதான் மேடம். அதனாலதான் மேனேஜர் ஆயிட்டேன்" என்றவர், அறைக்குள் போகும்போது திரும்பி, "அதுவரைக்கும் டோக்கன் சீட்டுலயாவது ஒழுங்கா உக்காருங்க" என்றார்.

இன்சார்ஜ் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. சுழல் நாற்காலியை நினைத்து ஒரே ஒரு பெருமூச்சு விட்டேன். விடாமல் இருக்க முடியுமா? நானும் மனுஷிதானே.

இதோ, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பஸ் ஏறியதிலிருந்தே எனக்குப் பரபரப்பு. ஸ்டெல்லா மிஸ் உள்ளே வந்தார். ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பாத்திரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். உப்பு ஜாடியை மேஜை நடுவில் டக்கென்று வைத்தார்.

"அதே நாலாம் பெட் பேஷண்ட்டு. நார்மல் சலைன் போடுங்க. யாரு மொதல்ல?"

சொல்லி முடிக்கவில்லை, பையன்கள் ஜாடி மேல் பாய்ந்துவிட்டார்கள். 'ஊருக்கே ட்ரிப்ஸா' என்று கேட்டானே, அவன்தான் முதலில். போன வாரத்து நாலரை கிராமை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். நிறுத்து, கொட்டி, கலக்கி, "முடிச்சிட்டேன் மிஸ்!" என்றான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நீங்க போடலியா?"

"எவ்ளோ தண்ணிக்கு மிஸ்?"

மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு விரிந்ததே, அதைப் பார்க்க இன்னும் நூறு முறை விழுப்புரம் போகலாம். "கால் லிட்டருக்குக்கா" என்றார்.

ரெண்டேகால் கிராம். தராசில் ஒரு சிட்டிகை. ஜாடி குறைந்ததே தெரியவில்லை. பையன் தன் பாத்திரத்தையும் என் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கால் லிட்டருக்கு நாலரை கிராம் போட்டு அவன் உப்பை இரட்டிப்பாக்கியிருந்தான்.

"பரவால்லப்பா. நான் போட்ட மாதிரி ஜாடியக் காலி பண்ணல நீ" என்றேன். மனதுக்குள் மட்டும் கொஞ்சம் குதித்துக்கொண்டேன்.

இனிமேல் எல்லாம் சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மோல் இன்னும் பிடிபடவில்லை. சமன்பாடு இன்னும் சாய்கிறது. பரீட்சையில் வேதியியல் என்னைக் கவிழ்த்தாலும் கவிழ்க்கும். கவிழ்த்தால் மறுபடி எழுதுவேன். படிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் இப்போது என்னிடம் இல்லை. அது முடிந்துவிட்டது. திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா வழக்கம்போல, "பொண்ணு படிக்கிதாம்மா?" என்று கேட்டார். "நான்தான் படிக்கிறேன், நர்ஸ் ஆவப் போறேன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "அப்ப என் முட்டி வலிக்கு ஒரு வழி சொல்லு" என்று புடவையை முழங்காலுக்குத் தூக்கிவிட்டார்!

அப்புறம் ஒரு தகவல். நாலாம் பெட் நோயாளி தேறிவிட்டார். இட்லி கேட்கிறாராம்.